பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

பத்து ரூபாய்க்கு இப்போ என்ன பாஸ் கிடைக்கும்? ஒரு சின்ன டீ... பல ஊர்களில் அதுவும் கிடையாது. ஒரு பால்பாயின்ட் பேனா. ஜெராக்ஸ் கடையில் நாலைந்து பக்கம். இந்த லிஸ்ட்டில் 'அரசாங்கத்தின் பதில்' என்பதையும் சேர்த்துக்கோங்கன்னு சொன்னா, 'போங்கண்ணா, காமெடி பண்ணிக்கிட்டு'ன்னு சிரிப்பீங்க. சிரிங்க. ஆனா கதையைக் கேட்டுட்டுச் சிரிங்க!

தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரி. பேர் வேண்டாம், காரணம் பின்னால் வரும். பிளாஸ்டிக் ஒழிப்பு விழிப்புணர்வு விழா. அடியேன்தான் பேச்சாளர். உள்ளூர் அதிகாரி ஒருவர் தலைமை. ஆளுக்கொரு மஞ்சப்பை கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று, வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். கைதட்டல், சால்வை, குரூப் போட்டோ. முடிந்ததும் டீ வந்தது. பேப்பர் கப்பில்.

பி.எஸ்ஸி. ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு, கப்பைக் காலி பண்ணிட்டு நேரா என்கிட்ட வந்தது.

"சார், இதோட உள்பக்கத்தை நகத்தால சுரண்டிப் பாருங்க."

சுரண்டினேன். மெல்லிசாகத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"இது பிளாஸ்டிக்தானே சார்? இப்பதானே கையை நீட்டினோம்?"

டீ எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. பொண்ணு சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சூடான டீயில் பேப்பர் ஊறிப் போகாமல் இருக்கத்தான் உள்ளே அந்தப் பூச்சு. பேப்பரும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டு கிடப்பதால் பழைய பேப்பர்க்காரரும் தொட மாட்டார். அது தடை செய்யப்பட்ட பொருளும்கூட.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 2018 ஜூன் 5, உலக சுற்றுச்சூழல் தினம். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் 110-வது விதியின் கீழ் அறிவித்தார்: 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. அதே மாதம் 25-ம் தேதி அரசாணை வந்தது. மொத்தம் 14 பொருட்கள். கேரி பேக், ஸ்ட்ரா, தெர்மகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி... அந்த வரிசையில் பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் இருக்கிறது. கப் தயாரிப்பாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2023 அக்டோபரில் கப் மீதான தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஆட்சி மாறியது. 2021 டிசம்பரில் முதல்வர் ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை'யைத் தொடங்கி வைத்தார். ஆக, ரெண்டு ஆட்சியும் சொன்ன வாக்குறுதி இது. சட்டம் இருக்கு, தீர்ப்பு இருக்கு, பை இருக்கு. கையில் கப்பும் இருக்கு!

"யார்கிட்ட கேக்கறது அண்ணா?" என்றது பொண்ணு. (சார் ரெண்டே நிமிஷத்தில் அண்ணாவாகிவிட்டார். சந்தோஷம்.)

ஃபேஸ்புக்கில் ஒரு போஸ்ட் போடலாம், அமைச்சரை டேக் பண்ணலாம். நூறு லைக் வரும். ஆனா அதுக்குப் பதில் சொல்லணும்னு எந்தச் சட்டமும் எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்தவில்லை. பதில் சொல்லியே ஆகணும்னு சொல்ற சட்டம் 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வரணும். 'உனக்கு எதுக்கு இந்தத் தகவல்?'னு கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. அதையும் சட்டமே சொல்கிறது.

பொண்ணு எழுதியது. ஊர் நகராட்சிக்கு. 'பிளாஸ்டிக் தடையை ஏன் முறையாக அமல்படுத்தவில்லை? இதற்கு யார் பொறுப்பு?' 28-வது நாள் பதில் வந்தது. ஒரே வரி: 'தாங்கள் கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது.'

எனக்கு போன். அழுகை இல்லை, செம கோபம். "ஏமாத்துறாங்க அண்ணா!"

இல்லைம்மா. இந்த இடத்தில் அவர்கள் சொன்னது சரி. நாம் கேட்ட கேள்விதான் தப்பு. அலுவலகத்தில் ஏற்கனவே இருக்கிற ஆவணத்தைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். 'ஏன்' என்பது ஆவணம் இல்லை, விளக்கம். வாக்குறுதியைக் கேள்வி கேட்க நினைக்கிற நிறைய பேர் சறுக்கி விழுவது இந்த 'ஏன்'-இல்தான். கோபத்தில் எழுதினால் 'ஏன்' தானாக வந்துவிடும். அதை அடித்துவிட்டு 'எத்தனை, எப்போது, நகல்' என்று எழுதணும்.

ரெண்டாவது மனு இப்படிப் போனது: ஒன்று, 2019 ஜனவரி 1 முதல் இன்றுவரை நகராட்சி எல்லையில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பறிமுதல் செய்த தேதிகள், எடை, விதித்த அபராதம், அதற்கான பதிவேட்டின் நகல். இரண்டு, பறிமுதல் செய்தவை எங்கே அனுப்பப்பட்டன என்பதற்கான ஆவண நகல். மூன்று, நகராட்சி தன் சொந்தக் கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் கப், தட்டு வாங்கிய பில்களின் நகல்.

மூன்றாவது கேள்வி நான் சொல்லிக் கொடுத்ததில்லை. சத்தியமா அந்தப் பொண்ணோட ஐடியா!

பதில் வருவதற்குள் வேறொன்று வந்தது. பிரின்சிபால் ரூமிலிருந்து அழைப்பு. "காலேஜ் பேரு கெடும்மா, உனக்கு எதுக்கு இதெல்லாம், இன்டர்னல் மார்க் இருக்கு, பார்த்துக்கோ." மனுவில் ஹாஸ்டல் முகவரியைப் போட்டிருந்ததால் யாரோ போன் பண்ணிவிட்டார்கள். கல்லூரிப் பேரை நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். நீங்கள் எழுதுவதாக இருந்தால் வீட்டு முகவரியைப் போடுங்கள். படிப்பு, கல்லூரி, அமைப்பு எதையும் எழுத வேண்டியதில்லை. தொடர்பு முகவரிக்கு மேல் சொந்த விவரம் கேட்க சட்டத்தில் இடமில்லை. ஒரு குடிமகளாகக் கேட்டால் போதும்.

பதிவேட்டு நகல் வந்தது. மொத்தமே ஏழு வரி. முதல் ஐந்தும் தடை வந்த புதிதில். கடைசிப் பதிவு ஒன்றரை வருஷத்துக்கு முந்தையது. நடுவில் நீண்ட வெள்ளைத் தாள். மேடையில் எங்கள் மூன்று பேர் பேச்சையும் சேர்த்தால்கூட அந்த வெற்றிடம் சொன்ன அளவுக்கு யாரும் சொல்லவில்லை. பில் நகல் மட்டும் வரவில்லை.

கணக்கு கேட்டால் என்ன பெரிசா நடந்துடப் போகுதுன்னு கேட்கிறீங்களா? நீலகிரிக்கு வாங்க. அங்கே காட்டுக்குள் எறியப்பட்ட டாஸ்மாக் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற விஷயம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அதன்பின் 2022 மே மாதம் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கணும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரணும். அவ்வளவுதான்! பொட்டிக்கடையில் கலர் குடிச்சிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த தாத்தாவுக்குத் தெரிந்த டெக்னிக். ஜெர்மனியில் 2003-லிருந்து கேன், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இதையே செய்கிறார்கள். நீலகிரியில் விற்ற பாட்டில்களில் பெரும்பங்கு திரும்பி வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் போனது. ஊழியர்கள் இடமில்லை, ஆளில்லை என்று எதிர்த்தார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டிலை எண்ணி அடுக்குவதற்கு யாராவது ஒருத்தர் வேணும்தானே?

(டாஸ்மாக்குக்கு விளம்பரம் பண்றேன்னு யாரும் கடிதம் போட வேண்டாம். பாட்டிலைப் பற்றித்தான் பேசுகிறேன், உள்ளே இருப்பதைப் பற்றி இல்லை!)

நீதிமன்றம் 'விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்' என்று சொல்லிவிட்டு வழக்கை முடித்திருந்தால், இன்னொரு உறுதிமொழியும் இன்னொரு குரூப் போட்டோவும் கிடைத்திருக்கும். எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது என்று திரும்பத் திரும்ப அறிக்கை கேட்டதால்தான் பாட்டில் திரும்பியது.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருக்கணும். பெரிய வாக்குறுதிகளில் எண்ணைப் பார்த்து மயங்கிவிடாமல், எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற வார்த்தையையும் படிக்கணும். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், 2030-க்குள் இந்தியா தன் எரிசக்தித் தேவையில் 50 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெறும் என்று பிரதமர் மோடி பேசினார். 2022 ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு அதிகாரபூர்வமாகக் கொடுத்த வாக்குறுதியில், மின்சார நிறுவுதிறனில் 50 சதவீதம் நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராததாக இருக்கும் என்று வந்தது. அந்த இலக்கை 2025-லேயே தொட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. பாராட்டலாம், தப்பில்லை. ஆனா 'தேவை' வேற, 'நிறுவுதிறன்' வேற பாஸ்! ஆடிக் காத்துல ஆரல்வாய்மொழி காற்றாலை பேயாட்டம் ஆடும், காத்து இல்லாத மாசத்துல சும்மா நிற்கும். சோலார் ராத்திரியில் தூங்கும். நிறுவுதிறன் என்பது பஸ்ஸில் எத்தனை சீட் என்கிற கணக்கு. எத்தனை பேர் ஏறினார்கள் என்பது வேறு கணக்கு. இலக்கைத் தொட்ட அந்த வருஷமும் நாம் எரித்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வந்தது.

நம்ம மாநிலத்திலும் ஒரு எண் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கியபோது, காடு மற்றும் மரங்களின் பரப்பை சுமார் 23.7 சதவீதத்திலிருந்து பத்து ஆண்டுகளில் 33 சதவீதமாக்குவோம் என்றார்கள். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு விழாவிலும் கிடைக்கும். பரப்பு கூடியதா என்பதை மட்டும் டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையில்தான் பார்க்கணும். அது ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. பட்ஜெட் கூட்டத்தொடரில் ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வெளியிடும். அரசு இணையதளத்தில் இலவசம். போன வருஷத்துப் புத்தகத்தையும் இந்த வருஷத்துப் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். எந்த இலக்கு காணாமல் போனது, எந்தத் தேதி தள்ளிப் போனது என்பது அங்கே தெரியும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற சுறுசுறுப்பில் பாதி போதும்.

கோர்ட்டுக்கே போனவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 886 குடிமக்கள் 'அர்ஜெண்டா' அமைப்போடு சேர்ந்து தங்கள் அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 1990 அளவோடு ஒப்பிட்டு 2020-க்குள் 25 சதவீதம் கார்பன் உமிழ்வைக் குறைத்தே ஆகணும் என்று 2019 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே 2017-ல், ஒன்பது வயதில், பசுமைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டார். 2019-ல் தள்ளுபடி. ஆனால் 2024 மார்ச்சில், பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து பாதுகாப்புப் பெறுவது குடிமக்களின் உரிமை என்று நம் சுப்ரீம் கோர்ட்டே வேறொரு வழக்கில் சொல்லிவிட்டது. கதவு திறந்திருக்கிறது. அதற்கெல்லாம் வக்கீல், வருஷம், காசு வேணும். நம்மிடம் இருப்பது பத்து ரூபாய்.

அதை எங்கே முதலில் செலவு பண்ணலாம்? உங்க ஹாஸ்டலை ஒரு சுற்று சுற்றி வாங்க. நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற கல்லூரி, ஹாஸ்டல் எல்லாம் 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 'பெருமளவு கழிவு உருவாக்குபவர்' என்ற பட்டியலில் வந்தன. மெஸ் கழிவை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கணும், மக்காத குப்பையைத் தனியாகக் கொடுக்கணும் என்பது அப்போதே வந்த விதி. அரசு கல்லூரி என்றால் கல்லூரியிடமே மனு போடலாம். தனியார் கல்லூரி என்றால், அந்தக் கல்லூரியைப் பற்றி நகராட்சியிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்று கேட்கலாம். மனுவையும் ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்து வைக்க மறக்காதீங்க. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் அரைகுறை என்றாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தில் வழக்குகள் குவிந்து கிடப்பதால் அங்கே மட்டும் பொறுமை வேணும்.

பொண்ணு இப்போ முதல் மேல்முறையீட்டில் இருக்கிறது. டீ கப் வாங்கிய பில் வேணுமாம். போன வாரம் போன் பண்ணி, "19 நாள் ஆச்சு அண்ணா, இன்னும் 11 நாள் இருக்கு" என்றது. செமஸ்டர் எப்ப ஆரம்பம்னு கேட்டேன். அதுவும் 11 நாளில்தானாம்.