சட்டம் அறிவோம்: படைவீரரின் ஊன ஓய்வூதியம்

உடல்நலம் குன்றிப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டோர் உங்கள் உறவில் இருப்பின் இதனை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1985-இல் இந்தியத் தரைப்படையில் சேர்ந்த ஒருவர், ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் வலிப்பு நோயால் விடுவிக்கப்பட்டார். அது உடற்கூறு சார்ந்த நோய், பணியால் நேர்ந்ததன்று எனக் கூறி மருத்துவக் குழு கைவிரித்தது. காரணம் ஒன்றும் எழுதவில்லை!

2013-இல் உச்சநீதிமன்றம், அவர் சேர்ந்தபோது அந்நோய் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருந்ததா என்று பார்த்தது. இல்லை. ஆகவே பணியினால் வந்ததென்றே கொள்ளவேண்டும், மறுப்பின் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசையே சாரும் என 1982 விதிகளின்படி தீர்ப்பளித்தது.

2023-இல் புதிய விதிகள் வந்துள்ளன. எனவே விடுவிக்கப்பட்ட நாளில் நடப்பிலிருந்த விதி எதுவென அறிந்துகொள்ளுங்கள். முறையீடு மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. சென்னையிலும் அதன் அமர்வு இருக்கிறது. செல்லுமுன், படையில் சேர்ந்தபோது எழுதிய மருத்துவ அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.