செங்காவிச் சிங்கம்

ஆரணிப் பட்டு! மணமேடை ஏறும் மங்கையின் மேனியிலே அது மின்னுகிறது. ஊரார் கண்ணெல்லாம் அதன்மேல். அந்தப் பட்டை நெய்தவளின் மேனியை எவர் கண்டார்?

நாம் கண்டோம். நெசவாளர் தெருவிலே ஒரு தறிக்குழி வெறிச்சோடிக் கிடந்தது. நம் மாணவன் ஒருவனின் தாய் மூலையிலே சுருண்டு கிடந்தார். வாயெல்லாம் புண்; கஞ்சியும் இறங்கவில்லை. முதுகிலே கொப்புளங்கள், உடைந்த இடமெல்லாம் இரணம். அந்த இரணத்தின்மீது செங்காவியால் தீட்டிய சிங்கம்!

'அக்கி' என்றனர்; எழுதினர். ஆறவில்லை. 'நாகதோஷம்' என்றனர், பரிகாரம் செய்தனர். ஆறவில்லை. 'முற்பிறப்பின் பாவம்' என்றனர், ஒதுக்கினர். மூன்று திங்கள் ஓடின!

"அக்கி எழுதி ஆறியதைக் கண்ணால் கண்டோமே!" என்பார் உண்டு. ஆறியது மெய்தான். சின்னம்மைக் கிருமி நரம்பிலே பதுங்கியிருந்து மீண்டும் எழுவதே அக்கி. பெரும்பாலோர்க்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அது தானே ஆறும். நோய் தானே போயிற்று. புகழ் செங்காவிக்குப் போயிற்று! சேவல் கூவியதாலா பொழுது விடிந்தது?

நான்காம் திங்களில் அந்தத் தாயை வேலூருக்கு அழைத்துச் சென்றனர். தோலில் சிறு துண்டெடுத்துச் சோதித்தனர். அக்கியன்று, பெம்பிகஸ் என்னும் அரிய கொப்புள நோய்!

தோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைப்பது டெஸ்மோகிளின் என்னும் புரதம். அதனைப் பகையெனப் பிழையாகக் கருதி, உடலின் காவற்படையே தாக்குகிறது. பாவும் ஊடையும் பிணைப்பு விட்டால் பட்டு என்னாகும்? தோலும் அவ்வாறே பிரிகிறது. இடையிலே நீர் கோக்கிறது. தாக்கும் எதிர்ப்பொருளை 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியூட்னரும் ஜோர்டனும் காட்டினர்.

காவற்படை பிறழ்வானேன்? பரம்பரைக் கூறு உண்டு. சிலருக்குச் சில மருந்துகளும் தூண்டுகோலாகும். பிரேசில் நாட்டுச் சிற்றூர்களில் இதன் உறவு நோய் ஒன்றுக்குக் 'காட்டுத் தீ' என்றே பெயர். அங்கே பூச்சிக்கடியை ஆய்வாளர் ஐயுறுகின்றனர். முழுக் காரணம் இன்னும் துலங்கவில்லை என்று அறிவியல் ஒப்புகிறது. தெரியாத இடத்தைப் 'பாவம்' என்ற பொய்யால் அது நிரப்புவதில்லை! இது தொற்றுநோயுமன்று, பின், ஒதுக்குவானேன்?

ஸ்டீராய்டு மருந்து 1950களில் வருமுன், இந்நோய் கண்டோரில் பெரும்பாலோர் மாண்டனர். 1980களில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து டாக்டர் பஸ்ரிச்சா, 28 நாட்களுக்கு ஒருமுறை டெக்சாமெதசோன், சைக்ளோபாஸ்பமைடு மருந்துகளைச் சிரை வழியே செலுத்தும் முறையை வகுத்தார். இந்நோய்க்கு ரிட்டுக்சிமாப் மருந்தை அமெரிக்கா 2018இல் ஏற்றது. இம்மருந்துகள் கூரிய வாள் போன்றவை. தொற்றும் சர்க்கரையும் தலைதூக்கக் கூடும். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். புண் சற்றே ஆறியதும் தாமே நிறுத்துவது பேராபத்து!

ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை வேலூரிலே ஓங்கி நிற்கிறது. ஆரணிக்கும் அதற்கும் ஒரு பேருந்துப் பயணமே இடைவெளி. அந்தச் சிறு தொலைவைக் கடக்க மூன்று திங்களா? தடுத்தது எது? மூடமதி ஒன்று, முடக்கும் கூலி மற்றொன்று. ஒரு நாள் தறி நின்றால் உலை நிற்கும் வீட்டிலே, மருத்துவமனையினும் மந்திரம் மலிவாகத் தெரியாதா?

பாவு கொடுத்துப் பட்டு வாங்கும் முதலாளிமாரே! நோயுற்ற நெசவாளிக்குச் சிகிச்சை நாளின் கூலியையும் வழிச்செலவையும் தாருங்கள். தெருவாரே! வாய்ப்புண் வாரக்கணக்கில் ஆறாவிடில், கொப்புளம் பரவினால், காவிக் கிண்ணத்தைத் தேடாதீர், மருத்துவரைத் தேடுங்கள்.

அந்தத் தாய் இன்று அரைப்பொழுது தறியில் அமர்கிறார். சிங்கம் அழிந்தது, தோல் வளர்கிறது.