இருதய தானமும் காலக் கணக்கும்

தர்மபுரி ஜில்லாவின் தொப்பூர்க் கணவாயைத் தமிழ்நாட்டில் அறியாதார் சிலரே. தேசிய நெடுஞ்சாலை அங்கே சரிந்து வளைந்து இறங்குகிறது; கட்டுக்கடங்காத லாரிகளால் அங்கு மாண்டோர் பலர். விபத்தே நேராதவாறு சாலையைத் திருத்துவது சர்க்காரின் முதற் கடமை, அதைப்பற்றி விவாதமில்லை. ஆயினும், தலையில் அடிபட்டு மூளை மரணமுற்ற ஒருவரின் சுற்றத்தார், ஆறாத் துயரத்தின் நடுவிலும் அவருடைய இருதயத்தைத் தானமளிக்க முன்வருவார்களாயின், அத்தானம் பலனின்றிப் போகலாமா? இதைப்பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

சிறுநீரகம் பனிக்கட்டியில் ஒரு நாள் வரை தாங்கும். இருதயம் அவ்வாறு தாங்காது. இரத்த ஓட்டம் நின்ற கணமே அதன் தசைகள் சேமித்த சக்தியை இழக்கத் தொடங்குகின்றன. குளிர் அச்சேதத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. ஆதலின் 4 மணி நேரத்தையே வைத்திய நிபுணர்கள் எல்லையாகக் கொள்கின்றனர். அதற்கு மேல் செல்லச் செல்ல, பொருத்திய இருதயம் துடிக்க மறுக்கும் அபாயம் பெருகுகிறது. தானமளித்தவர் வயது முதிர்ந்தவராயின் அபாயம் இன்னும் அதிகம். சிகிச்சை பெற்றவர் முதல் மாதத்திலேயே மாண்டுபோவதற்கு இதுவே தலையாய காரணம்.

இந்த 4 மணியும் பிரயாணத்திற்கே உரியதென்று எண்ணுவது பிழை. இருதயத்தை அகற்றிப் பத்திரப்படுத்த ஏறக்குறைய அரை மணி. பெறுபவரின் மார்பில் வைத்துத் தைக்க ஒரு மணி. எஞ்சுவது இரண்டரை மணியே. தர்மபுரியிலிருந்து சென்னை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். 2008 செப்டம்பரில் சென்னைப் போலீஸார் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சாலையை ஒழித்துக் கொடுக்க, ஓர் இளைஞனின் இருதயம் சில நிமிஷங்களில் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமியைப் பிழைப்பித்தது. நாடே மெச்சிய காரியம் அது. ஆனால் 300 கிலோமீட்டருக்கு அவ்வித்தை பலிக்காது. ஓமலூரை அடுத்த சேலம் விமான நிலையத்தை அடைய ஒரு மணி, ஆகாயத்தில் முக்கால் மணிக்கு மேல், சென்னையில் மீண்டும் சாலை என்று கணக்கிட்டால், கையில் மிச்சம் ஒன்றுமில்லை. தர்மபுரி நகரிலேயே ஹெலிகாப்டர் வந்திறங்குமாயின் பெரும்பொழுது மிஞ்சும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி, நான்கு வைத்தியர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பரீட்சித்தே மூளை மரணத்தை நிச்சயிக்க வேண்டும். அப்பரீட்சையைச் சுருக்கவோ, சுற்றத்தாரை அவசரப்படுத்தவோ எவரும் துணியலாகாது. துணிந்தால் ஜனங்களின் நம்பிக்கை அழியும். நம்பிக்கை அழிந்தபின் தானம் ஏது? அந்த ஆறு மணி நேரமும் இருதயம் தேகத்திலேயே துடித்துக்கொண்டிருப்பதால், 4 மணிக் கணக்கு அப்போது தொடங்குவதில்லை. உறவினர் மனமுவந்து சம்மதித்தபின், பெறுபவரைத் தேர்தலும் வாகனத்தைச் சித்தம் செய்தலும், இருதயத்தை எடுக்குமுன்பே முடிந்திருக்க வேண்டும். நிதானம் வேண்டிய இடம் வேறு; விரைவு வேண்டிய இடம் வேறு.

இன்னொன்றும் கூறுவோம். தர்மபுரிக்குச் சென்னையைவிடப் பெங்களூர் பாதித் தொலைவிலும் குறைவு. விதிகளின்படி முதலில் சொந்த மாநிலத்து நோயாளிகள், பின்னர் தென்பிராந்தியத்தார், அதன்பின் தேசத்தின் மற்றையோர். தமிழ்நாட்டு நோயாளிகளின் முதலுரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஏற்பார் இல்லையென்று முடிவான பிறகுதான் அண்டை மாநிலத்திற்குச் செய்தி அனுப்புவதென்றால், கடிதப் போக்குவரத்திலேயே பொழுது போய்விடும். இருவருக்கும் ஒரே வேளையில் அறிவித்து வைத்தல் எவ்வுரிமைக்கும் பங்கமாகாது. இருதயம் மாநில எல்லையை அறியாது. மணியை மட்டுமே அறியும்.

குளிர்ந்த பிராணவாயு கலந்த திரவத்தை இருதயத்தினுள் இடைவிடாது செலுத்தும் யந்திரங்கள் இன்று வந்துள்ளன. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பாரிஸுக்கு 12 மணி நேரம் அவ்விதம் இருதயத்தைக் கொண்டுசென்று பொருத்தியதாகப் பிரெஞ்சு வைத்தியர்கள் 2024-ல் வெளியிட்டனர். விலை அதிகந்தான். ஆனால் தலைநகரத்திற்குத் தொலைவிலுள்ள ஜில்லாக்களுக்கே அது முதலில் வேண்டும். பொதுச் செலவில் ஒன்றையேனும் வாங்கிப் பரீட்சிப்பது சர்க்காருக்கு இயலாத காரியமன்று.

தானமளித்தோருக்கு அரசு மரியாதையுடன் ஈமச்சடங்கு நடைபெறுமென 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. மெத்தச் சரி. ஆயினும் மலர் வளையத்தினும் பெரிய மரியாதை ஒன்றுண்டு: கொடுத்த இருதயம் வேறொரு மார்பில் துடித்தல். தன் ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த அதியமானின் தகடூரே இன்றைய தர்மபுரி. அம்மண்ணில் கொடுப்பாருக்கு என்றும் குறைவில்லை. கொடுத்ததைக் காலத்தில் கொண்டு சேர்ப்பாரும் உண்டென்று ஆட்சியாளர் காட்டுவார்களாக.