சனி, ஞாயிறில் நாலு படம்: எல்லாம் நம்ம திருச்சிக்காரங்க!

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய கதை திருச்சியில்தான் ஆரம்பிக்கிறது. இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி, கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். அப்படிப்பட்ட ஊரில் சினிமா பைத்தியங்களுக்குப் பஞ்சம் இருக்குமா?

இந்த வார ரசிகர் ஸ்ரீரங்கத்துக்காரர். ‘இந்த சனி, ஞாயிறு திருச்சி சம்பந்தம் உள்ள படங்கள் மட்டும்தான்’ என்று வீட்டில் அறிவித்துவிட்டார். கூட உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எழுபத்தெட்டு வயது அம்மா. இன்னொருவர் முதல் வேலை கிடைத்து அடுத்த மாதம் பெங்களூரு போகவேண்டிய மகள். ‘திருச்சியிலேயே ஏதாவது பார்க்கக்கூடாதா?’ என்று அப்பா இரண்டு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கும் வீடு அது.

சனி மதியம்: ஹரிதாஸ் (1944)

எம்.கே.தியாகராஜ பாகவதர் பிறந்தது மாயவரம். வளர்ந்ததும் மேடை ஏறியதும் திருச்சியில். ரசிக ரஞ்சனி சபாவின் ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசனாக நடித்த சிறுவன்தான் பிறகு தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் ஆனார்.

உலகப் போரால் பிலிமுக்குத் தட்டுப்பாடு. 11,000 அடிக்குள் படத்தை முடிக்கவேண்டும் என்று அரசு கட்டுப்பாடு. அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடுகிறது. இழுவையே இல்லை. பெற்றோரையும் மனைவியையும் மறந்து தாசி ரம்பாவின் பின்னால் போகும் பணக்காரப் பிள்ளை, சொத்தை இழந்து, கால்களையும் இழந்து, கடைசியில் அப்பா அம்மாவுக்குப் பணிவிடை செய்வதே தெய்வம் என்று உணர்கிறான். பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதையின் சாயல் நன்றாகவே தெரிகிறது.

பாபநாசம் சிவனின் பாட்டுகள் வரும்போதெல்லாம் அம்மா கூடவே பாடினார். டி.ஆர்.ராஜகுமாரி வரும் காட்சிகளில் மகள் போனைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் ஹரிதாஸ் மனம் மாறியதும் ஒரு கேள்வி கேட்டாள்: “கால் போனப்புறம்தான் அப்பா அம்மா ஞாபகம் வந்துச்சா?”

சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் இது. வெளியான சில வாரங்களில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-ல்தான் விடுதலை. நாயகன் சிறையில் இருக்க, படம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், தரையில் தவழ்ந்தபடி பாடும் அந்த மனிதரைப் பார்ப்பதே கஷ்டமாக இருக்கிறது.

சனி இரவு: ரத்தக்கண்ணீர் (1954)

எம்.ஆர்.ராதாவுக்கும் திருச்சிதான் வீடு. 1979 செப்டம்பர் 17-ல் அவர் காலமானதும் இங்கேதான். திருவாரூர் கே.தங்கராசு எழுதி, ராதா மேடையில் நடித்துப் புகழ்பெற்ற நாடகத்தை கிருஷ்ணன்-பஞ்சு படமாக்கினார்கள்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் மோகனுக்கு ஊரும் பிடிக்கவில்லை, உறவும் பிடிக்கவில்லை. தாயையும் மனைவியையும் துச்சமாக நினைத்து, காந்தாவே கதி என்று கிடக்கிறான். தொழுநோய் வந்ததும் காந்தா வீட்டிலேயே அவனுக்கு இடமில்லை. ராதாவின் குரல் ஒரே வாக்கியத்தில் மேலே ஏறிக் கீழே விழுந்து, கிண்டலாக முடிகிறது. வில்லத்தனத்துக்குச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட வைக்கிற நடிப்பு. எம்.என்.ராஜம் அதற்குச் சரிசமமாக நிற்கிறார்.

இங்கேயும் மகளுக்கு ஒரு மறுப்பு. தொழுநோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டலாமா? நியாயமான கேள்விதான். அது கிருமியால் வரும் நோய். அந்தக் கிருமியை ஹான்சன் கண்டுபிடித்தது 1873-ல். இன்று கூட்டு மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் குணமாகிவிடும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். வீட்டில் சிறுவர்கள் கூட இருந்தால் படம் முடிந்ததும் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் படம் காலத்தைத் தாண்டி நிற்கிறது. கடைசியில் மோகன் தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மணம் முடித்து வைக்கிறான். 1954-ல்! “அப்பல்லாம் இதைப் பார்த்துட்டு ஊரே வாயடைச்சுப் போயிருக்கும்” என்றார் அம்மா.

ஞாயிறு மதியம்: கன்னத்தில் முத்தமிட்டால் (2002)

மணிரத்னத்தோடு சேர்ந்து இந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் சுஜாதா. அப்பாவுக்கு அடிக்கடி மாற்றலாகும் வேலை என்பதால் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜன்தான் அவர். பெற்றோரைப் பிரிந்து வளரும் குழந்தையின் மனசு அவருக்குத் தெரியாதா என்ன?

ஒன்பதாவது பிறந்தநாளில் அமுதாவுக்கு உண்மை சொல்லப்படுகிறது: நீ எங்கள் வயிற்றில் பிறக்கவில்லை. பெற்றவள் இலங்கையில் இருக்கிறாள் என்று தெரிந்ததும், அவளைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள் சிறுமி. வளர்த்த அப்பாவும் அம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு, போர் நடக்கும் நாட்டுக்கே போகிறார்கள். சிம்ரனின் முகத்தில், பெண்ணை இழந்துவிடுவோமோ என்ற பயமும் தடுக்கக்கூடாது என்ற நேர்மையும் ஒன்றாகத் தெரிகின்றன. கடைசியில் அந்தப் பூங்காவில், எழுதி வைத்திருந்த கேள்விகளை அமுதா ஒவ்வொன்றாகக் கேட்கும்போது ரசிகர் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று தேசிய விருது கிடைத்தது. மொத்தம் ஆறு தேசிய விருதுகள் வாங்கிய படம். “எங்க காலத்துல பிள்ளைக்குக் கேள்வி கேக்க வாயே கிடையாது” என்று அம்மா சொன்னதில் வருத்தமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிறு இரவு: கனா (2018)

சிவகார்த்திகேயன் தயாரித்த முதல் படம். இயக்கிய அருண்ராஜா காமராஜும் அவரும் திருச்சியில் கல்லூரித் தோழர்கள். கதையும் பக்கத்தில்தான் நடக்கிறது. காவிரிக் கரையில் இருக்கும் குளித்தலை.

இந்தியா தோற்றதற்காக அழும் கிரிக்கெட் பைத்தியம் அப்பா. அவரைச் சிரிக்க வைக்கத் தானே இந்திய அணியில் ஆடுவேன் என்று கிளம்பும் மகள் கௌசல்யா. சத்யராஜ் அந்த விவசாயி முருகேசனாகவே மாறிவிட்டார். ஒரு பக்கம் பயிரும் கடனும் அவரை அழுத்துகின்றன. இன்னொரு பக்கம் மகளின் பந்துவீச்சு. இரண்டாவதுக்காக முதலாவதை அவர் மகளிடம் மறைக்கிறார். உலகக் கோப்பை ஆட்டம் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் ஐஸ்வர்யா ராஜேஷ் ஓடிவந்து பந்து போடும்போது சோபாவின் நுனிக்கு வந்துவிடுகிறோம்.

படம் முடிந்ததும் அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார்: “முருகேசன் ஒரு நாளும் மகளைப் போகாதேன்னு சொல்லலையே.” ரசிகர் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பெங்களூருக்கு எந்த ரயில் சௌகரியம் என்று மகளிடம் கேட்டார்.

நாலையும் சேர்த்துப் பார்த்தால்...

ஊர்ப் பெருமைக்காகத் தேர்ந்தெடுத்த படங்கள். ஆனால் நான்கிலும் ஓடுவது ஒரே விஷயம்: பெற்றவர்களும் பிள்ளைகளும். ஹரிதாஸும் ரத்தக்கண்ணீரும் பிள்ளை பட்ட கடனைப் பேசுகின்றன. கடனை மறந்தவனுக்குக் கால் போகிறது, இல்லை உடம்பே அழுகுகிறது. கன்னத்தில் முத்தமிட்டாலும் கனாவும் கணக்கைத் திருப்பிப் போடுகின்றன. பிள்ளையின் கேள்விக்கும் கனவுக்கும் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கின்றன. முதல் வகையை மட்டும் பார்க்கும் வீட்டில் பிள்ளைகள் பயப்படுவார்கள். இரண்டாவதை மட்டும் பார்த்தால் வயதானவர்களை மறந்துவிடலாம். இரண்டையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதுதான் சரி.

நாலுக்கும் நேரமில்லையா? தாத்தா, பாட்டி இருக்கும் வீட்டில் ஹரிதாஸிலிருந்து ஆரம்பியுங்கள். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் கனா. கன்னத்தில் முத்தமிட்டாலை மட்டும் ராத்திரி தனியாகப் பார்க்காதீர்கள். முடிந்ததும் பக்கத்தில் யாராவது பேசுவதற்கு வேண்டும்.