எவ்வளவு ஓடியது, எவ்வளவு கொடுக்கும்?

பெங்களூரில் பழைய பைக் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி எந்த மொழியிலும் ஒன்றுதான். தமிழர் என்றால் "எவ்வளவு கொடுக்கும்?" கன்னடத்தில் "எஷ்டு கொடுத்தே?" பதிலும் தயாராக இருக்கிறது. "அறுபது சார். மெதுவா ஓட்டினா எழுபது." அதன் பிறகுதான் வந்தவரின் கண் மீட்டருக்குப் போகிறது. 18,400 கிலோமீட்டர். ஏழு வயது வண்டிக்கு இது ரொம்பக் குறைச்சல். அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறார். அட்வான்ஸுக்கு கை பாக்கெட்டுக்குள் போகிறது.

ஆக, பேரம் முழுவதும் இரண்டு எண்களின் மேல் நடக்கிறது. ஒன்றை அந்த இடத்தில் சோதித்துப் பார்க்க முடியாது. இன்னொன்றைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.

வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்ட ஊர் இது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வண்டிகள். எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் வேலை தேடி வரும் தமிழ் இளைஞர்களில் பலருக்கு முதல் சில மாதச் சம்பளத்தில் மிஞ்சியது அப்படியே ஒரு பழைய பைக்குக்குப் போகிறது. அந்த நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ தவறான வண்டியில் முடங்கினால் அடுத்த ஆறு மாதம் மெக்கானிக்குக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டியதுதான்.

லிட்டர் கணக்கு இந்தியர்களின் தலையில் ஏறியதற்கு ஒரு வரலாறு உண்டு. எஸ்டியும் ராஜ்தூத்தும் புல்லட்டும் ஓடிய சாலைகளில் 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. பெட்ரோலை நிரப்பு, மூடியைப் போடு, மறந்துவிடு என்றது விளம்பரம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் அதை ஓரளவு நிரூபிக்கவும் செய்தது. பழைய வண்டி என்றால் இது எவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்பதுதான் பல நாடுகளில் வழக்கம். மைலேஜ் என்ற சொல்லுக்கு அங்கே அதுதான் முதல் பொருள். இங்கே அந்தச் சொல்லை லிட்டர் கணக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ஓடிய தூரத்தைக் கேட்கத் தனியாக ஒரு சொல்கூட இல்லை.

லிட்டர் கணக்குக்கு இத்தனை மரியாதை தேவைதானா? ஆபீசுக்குப் போய்வர ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர், மாதத்தில் 25 நாள். மொத்தம் 500. பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொண்டால் 60 கொடுக்கும் வண்டிக்கு மாதம் 833 ரூபாய் ஆகும். 45 கொடுப்பதற்கு 1,111. வித்தியாசம் 278 ரூபாய். "மைலேஜ் வண்டி" என்று பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியவர் அதை மீட்க மூன்று வருடம் ஓட்ட வேண்டும். அதற்குள் பிஸ்டன், கிளட்ச் பிளேட், செயின் செட் என்று ஒரு செலவு வந்தால் மீட்டதெல்லாம் போய்விடும்.

உணவு பார்சல் கொண்டுபோகிறவரின் கணக்கு வேறு. நாளைக்கு 100 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் அதே வித்தியாசம் மாதத்துக்கு 1,444 ரூபாய். வருடத்துக்குப் பதினேழாயிரம். அவருக்கு லிட்டர் கணக்குதான் சோறு. அவர் வண்டியை விற்கும்போது வாங்குபவருக்கோ ஓடிய தூரம்தான் எல்லாம்.

இங்கேதான் பெங்களூரின் தனிச்சிக்கல். ஸ்விக்கி இந்த ஊரில் 2014-இல் தொடங்கியது, ராபிடோ 2015-இல். நாளைக்கு நூறு என்றால் வருடத்துக்கு முப்பதாயிரம். மூன்றே வருடத்தில் ஒரு பைக் தொண்ணூறாயிரம் கிலோமீட்டரைத் தொடுகிறது. அதே மூன்று வருடத்தில் ஆபீஸ் வண்டி பதினெட்டாயிரம்தான் ஓடியிருக்கும். ஆர்.சி.யைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் வெள்ளை போர்டு. 2025 ஜூன் 16 முதல் பைக் டாக்ஸிகள் நிற்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது கர்நாடகத்தில் பெரிய விவாதமே நடந்தது. அது ஓட்டுனர்களின் பிழைப்பைப் பற்றியது. அந்த வண்டிகள் என்றாவது கைமாறும்போது அவற்றின் உழைப்பு எந்தக் காகிதத்தில் தெரியும் என்பது அந்த விவாதத்தில் வரவில்லை. வந்திருக்க நியாயமும் இல்லை.

மீட்டர் எப்படிப் பொய் சொல்கிறது? பழைய வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன் சக்கர ஹப்பிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்குப் போகிறது. சக்கரம் சுற்ற கேபிள் சுற்றும், கேபிள் சுற்ற எண்கள் உருளும். கேபிளைக் கழற்றிவிட்டால் கன்னியாகுமரி வரை போய்வந்தாலும் ஒரு எண் கூடாது. ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதில் யாருடைய குற்றமும் இல்லை. புதுப் பிறவி எடுத்த வண்டி அது. டிஜிட்டல் மீட்டர் வந்ததும் இதெல்லாம் ஒழிந்தது என்று நம்பியவர்கள் உண்டு. எண் இப்போது ஒரு சிறு சிப்பில் இருக்கிறது. லேப்டாப்பும் ஒரு கருவியும் இருந்தால் அதைத் திருத்தி எழுதலாம். சிரமமே வேண்டாம் என்பவர்கள் மீட்டரையே மாற்றிவிடுகிறார்கள். பழைய மீட்டர் கெட்டுப்போனதால் நேர்மையாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் பில் இருக்கும்.

மீட்டரை மாற்றுபவர்கள் ரப்பரை மறந்துவிடுகிறார்கள். கியர் லீவரின் ரப்பர், கிக்கரின் ரப்பர், பின் பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட். பதினெட்டாயிரம் ஓடிய வண்டியில் இவற்றின் வரிகள் இன்னும் தெரிய வேண்டும். வழவழவென்று தேய்ந்து உள்ளே இரும்பு எட்டிப் பார்த்தால் மீட்டர் சொல்வது வேறு கதை. எல்லா ரப்பரும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். நரைக்கு மை பூசியவர் வயதைக் குறைத்துச் சொல்வதில் ஆச்சரியமில்லை. முக்கியமாகப் பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்டைப் பார்க்க வேண்டும். தனி ஆள் ஆபீசுக்கு ஓட்டிய வண்டியில் அது அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. தேய்ந்திருந்தால் யாரையோ ஏற்றி இறக்கிய வண்டி. ஹேண்டில்பாரில் செல்போன் ஹோல்டர் இருந்த வடு, பின் சீட்டில் பை உராய்ந்த தடம், இவையும் பேசும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரான டயர். 2019 வண்டி, மீட்டரில் பதினான்காயிரம், ஆனால் இரண்டு டயரும் 2023-ஐச் சேர்ந்தவை என்றால் முதல் ஜோடி எங்கே போயிற்று? பதினான்காயிரத்துக்குள் இரண்டு டயரும் தேய்ந்துவிடுவது சாதாரண பைக்கில் அபூர்வம். பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் இதே கேள்விதான். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன வண்டியானால் வேலை சுலபம். ஒவ்வொரு சர்வீஸிலும் எழுதிய கிலோமீட்டர் அங்கே கம்ப்யூட்டரில் இருக்கும். விற்பவரைக் கூட அழைத்துப்போய்க் கேட்கலாம். அவர் வர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்.

பெங்களூர்வாசிகளுக்கு இன்னொரு சாட்சியும் கிடைக்கிறது. போக்குவரத்து போலீசின் அபராதப் பட்டியல். நம்பரைக் கொடுத்தால் எந்தத் தேதியில் எந்த சிக்னலில் என்று வந்து நிற்கும். 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தபோது சில நாட்களிலேயே நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலான ஊர் என்பதால் பட்டியல் காலியாக இருக்கும் வண்டிகள் குறைவு. பலர் இதைப் பாக்கித் தொகைக்காக மட்டும் பார்க்கிறார்கள். பாக்கி வண்டியோடு வரும் என்பதால் அதுவும் அவசியம்தான். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுப்போம்" என்று சொல்லப்பட்ட வண்டி ஒரே நாளில் எலஹங்காவிலும் கெங்கேரியிலும் சிக்னல் தாண்டியிருந்தால், கோயில்கள் ரொம்பத் தூரத்தில் இருக்கின்றன.

மீட்டர் உண்மையே சொன்னாலும் அது முழு உண்மை ஆகாது. 2019-இல் டாம்டாம் நிறுவனத்தின் கணக்குப்படி உலகிலேயே நெரிசல் மிகுந்த நகரம் பெங்களூர். 2023-இல் நகர மையத்தில் 10 கிலோமீட்டரைக் கடக்க சராசரியாக 28 நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு 21 கிலோமீட்டர். பைக் சந்து பார்த்து நுழையும் என்பதால் 25 என்றே வைத்துக்கொள்ளலாம். இருபதாயிரம் கிலோமீட்டரை ஓட்ட இன்ஜின் 800 மணி நேரம் உழைத்திருக்கிறது. அதே தூரத்தை மணிக்கு ஐம்பதில் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிக்கு 400 மணிதான். சில்க் போர்டு சந்திப்பில் முதல் கியரில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டதற்கும் மீட்டர் ஒன்றும் குறித்துக்கொள்வதில்லை. டிராக்டரின் வயதை மணிக்கணக்கில்தான் பார்க்கிறார்கள். பைக்குக்கு அந்த வசதி இல்லை. ஊர்க்கோடியில் நிதானமாக முப்பதாயிரம் ஓடிய வண்டி, நகருக்குள் இருபதாயிரம் திணறிய வண்டியைவிட இளமையாக இருக்கலாம். (தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியானால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, கர்நாடகத்தில் ஆயுள் வரி இரண்டையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது.)

குறைந்த எண்ணுக்கும் ஒரு ஆபத்து உண்டு. 2020 மார்ச் ஊரடங்கில் சொந்த ஊருக்குப் போய் அங்கிருந்தே வேலை பார்த்தவர்களின் பைக்குகள் அபார்ட்மெண்ட் அடித்தளங்களில் மாதக்கணக்கில் தூங்கின. நின்ற வண்டியில் டாங்க்கின் உள்ளே துரு பிடிக்கும், கார்புரேட்டரில் பிசின் கட்டும், ஆயில் சீல் இறுகும், டயர் வெடிக்கும் நிலைக்குப் போகும். ஐந்து வருடத்தில் நாலாயிரம் கிலோமீட்டர் என்பது சந்தோஷப்பட வேண்டிய செய்தி அல்ல.

இந்தக் கணக்கு எதற்கும் கட்டுப்படாத ஒரு கூட்டமும் இங்கே உண்டு. 1996 வரை மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த எஸ்டி, அதே வருடம் உற்பத்தி நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100, இவற்றைத் தேடுபவர்களிடம் லிட்டர் கணக்கு கேட்டால் சிரிப்பார்கள். மீட்டரைப் பார்ப்பதும் வீண். இன்ஜின் எத்தனை முறை பிரிக்கப்பட்டது, ஜே.சி. ரோட்டில் எந்தப் பாகம் இன்னும் கிடைக்கும் என்பதுதான் பேச்சு.

மற்றவர்கள் லிட்டர் கணக்கைச் சோதிக்க ஒரே வழி டாங்க்கை வாய்வரை நிரப்பி, இருநூறு கிலோமீட்டராவது ஓட்டி, மறுபடி வாய்வரை நிரப்பி வகுத்துப் பார்ப்பது. வாங்கும் முன் யாரும் இதற்கு விட மாட்டார்கள். ஆனால் குறைந்த மைலேஜ் ஏன் குறைந்தது என்று பார்த்துவிடலாம். நடு ஸ்டாண்டில் போட்டு பின் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். உடனே நின்றால் பிரேக் பிடிக்கிறது. அழுக்கு ஏர் ஃபில்டர், காற்று குறைந்த டயர், வறண்ட செயின், இவையும் பெட்ரோலைக் குடிக்கும். எல்லாம் சில நூறு ரூபாய் வேலை. அப்படிப்பட்ட வண்டியைக் குறைத்துக் கேட்டு வாங்குபவர்தான் கெட்டிக்காரர். நான்கு ஸ்ட்ரோக் வண்டி நீலப்புகை விட்டால் மட்டும் நகர்ந்துவிடுவது நல்லது. அங்கே எரிவது ஆயில்.

இரண்டாயிரத்துப் பத்துகளில் வாங்கிய வண்டி அன்று கொடுத்ததை இன்றும் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. "அறுபது" என்பவரின் நினைவு பழைய பெட்ரோலைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

மீட்டரைத் திருப்புவதை அமெரிக்கா 1972-இலேயே தனிச் சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கே மோசடி வழக்கும் நுகர்வோர் நீதிமன்றமும்தான் வழி. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும், கையில் இருக்கும் வண்டி எதற்காக எவ்வளவு தூரம் ஓடியது என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது. வியாபாரியிடம் அந்த அங்கீகாரச் சான்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் கைமாறும் முன், 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கும்போதே விற்பனைச் சீட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்: "இன்று மீட்டரில் உள்ள 18,400 கிலோமீட்டர் உண்மையான ஓட்டம்." கூடவே தேதி, கையெழுத்து. உண்மையாகவே அவ்வளவுதான் ஓட்டியவர் உடனே போட்டுவிடுவார். மற்றவர்கள் "அதெல்லாம் எதுக்கு சார், வண்டியைப் பாருங்க" என்பார்கள். அந்த நிமிடத்தில் விலை நாலைந்தாயிரம் இறங்குவதும் உண்டு.