கடிகாரத்துக்கும் முத்திரை வேண்டும்



எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். படிக்கும் எடைக்கல்லுக்கும் அவ்வாறே கெடு உண்டு. ஆனால் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தை யார் சோதிக்கிறார்கள்? வாங்கிய நாளில் திருப்பி வைத்ததோடு சரி.

வெளிநாட்டிலிருந்து வருவோர் இப்போது 'தானே நேரம் திருத்திக்கொள்ளும் ரேடியோ கடிகாரம்' கொண்டு வருகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகருக்கு அருகே மைன்ஃபிளிங்கன் என்ற ஊரில் ஒரு ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. அதன் அலைவரிசை 77.5 கிலோ ஹெர்ட்ஸ். 1973 முதல் அது மணி, நிமிடம், தேதி எல்லாவற்றையும் சங்கேதமாக அனுப்பி வருகிறது. ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்திலும் அலையின் வலிமை வெகுவாகக் குறையும். பத்தில் ஒரு பங்கு வினாடி குறைந்தால் பூஜ்யம், இரு பங்கு குறைந்தால் ஒன்று. நிமிடத்தின் கடைசி வினாடியில் மட்டும் இந்தக் குறி வராது. அடுத்த குறி வந்ததும் புது நிமிடம் பிறந்தது என்று கடிகாரம் அறிந்துகொள்ளும்.

அந்த நிலையத்துக்கு நேரம் கொடுப்பது சீசியம் அணுக் கடிகாரம். சீசியம் அணு சார்ந்த கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர்ந்தால் ஒரு வினாடி என்று 1967இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் அந்தக் கடிகாரத்துக்குள் இருப்பது நம் கடையில் இருப்பது போன்ற சாதாரண குவார்ட்ஸ்தான். அது மாதத்துக்குப் பதினைந்து வினாடி வரை பிசகக்கூடியதே. ஆனால் அலை நன்றாகக் கிடைக்கும் இரவு வேளையில் நிலையத்தோடு ஒத்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நாம் இரவில் கல்லாவை எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பதைப் போல! தினமும் சரிபார்ப்பதே அதன் துல்லியத்தின் ரகசியம்.

அந்த ஜெர்மன் அலை சுமார் 2,000 கிலோமீட்டர்தான் எட்டும். அமெரிக்கா, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு. அவற்றை நம்பியும் இங்கே பயனில்லை. நம் நாட்டில் இக்கடிகாரங்களுக்கான நிலையமும் இல்லை. ஆகவே தமிழ்நாட்டில் அது வெறும் குவார்ட்ஸ் கடிகாரமே. ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதை வாடிக்கையாளரிடம் சொல்லியே விற்க வேண்டும். 'தானே திருத்தும்' என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்குவது, தண்ணீர் கலந்த பாலைக் கெட்டிப் பால் என்று விற்பதற்கு ஒப்பாகும்.

மூன்று நிமிடத்தில் என்ன குடி மூழ்கிவிடும் என்று சிலர் கேட்கலாம். இ-வே பில் காலாவதியாவது நள்ளிரவில். லாரி வழியில் பழுதாகி நின்றால், காலக்கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து முடிந்த 8 மணி நேரம் வரைதான் நீட்டிக்க முடியும். அதாவது காலை 8 மணியே கடைசி எல்லை. ஓர் ஆண்டு தொடாத கடை கடிகாரம் 7.58 என்று காட்டும்போது கம்ப்யூட்டரில் 8.01 ஆகியிருக்கலாம். கதவு அடைத்த பிறகு தட்டிப் பயனில்லை. வண்டியை மடக்கிய அதிகாரியிடம் நம் சுவர்க் கடிகாரம் சாட்சி சொல்லாது.

இந்திய நேரத்தைப் பராமரிப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். இணைய இணைப்புள்ள கைபேசியில் நேரம் தானாகத் திருந்தும் வசதி இருக்கிறது. வாரம் ஒருமுறை, கடை திறந்ததும், அதைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தையும் பில் மெஷினையும் கேமரா பெட்டியையும் சரிசெய்தால் போதும். ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை.

நமது சங்க அலுவலகக் கடிகாரத்திலிருந்தே இதைத் தொடங்கலாம் என்பது நமது கருத்து. எடையில் நாணயம் காக்கும் நாம் நேரத்திலும் நாணயம் காப்போம்.