ஈரத் தலையில் ஹாட் ரோலரா?

"கொத்துக் கொத்தா கொட்டுது டாக்டர்... கல்யாணத்துக்கு இன்னும் நாலே மாசம்தான் இருக்கு. ஏதாவது நல்ல தைலமா எழுதிக் கொடுங்க!"

ஆவடியிலிருந்து மகளை அழைத்து வந்திருந்த அந்த அம்மா, ஒரு பிளாஸ்டிக் பையை என் மேஜை மேல் வைத்தார். உள்ளே ஒரு வாரமாகச் சீப்பில் வந்த முடி. பெண் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வெள்ளைத் தாளை விரித்து, முடியை அதில் பரப்பினேன். பாதிக்கு மேல் விரல் நீளம்கூட இல்லாத துண்டுகள். வேர்ப் பக்கத்தில் இருக்க வேண்டிய வெள்ளைக் குமிழ் ஒன்றிலும் இல்லை.

"ஏம்மா, காலையில தலையை எப்படிக் காய வைக்கிறே?"

அம்மாதான் பதில் சொன்னார். "எங்க டாக்டர் காய வைக்கிறா? அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. ஆறரைக்கெல்லாம் வேன் வந்துடும். தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து, சொட்டச் சொட்ட அந்த ஹாட் ரோலரைச் சுத்திக்கிட்டு, அப்படியே டிபன் சாப்பிட உக்காந்துடுவா."

விஷயம் புரிந்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு முடி கொட்டவில்லை. ஒடிகிறது!

இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் நம் வீடுகளில் மாதா மாதம் தைலத்துக்குப் பணம் போகிறது. அந்தத் தப்பை நானும் செய்தவன்தான். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டுப் பூந்தமல்லியில் கிளினிக் போட்ட புதிதில், முடி கொட்டுகிறது என்று யார் வந்தாலும் நாடி பார்ப்பேன், 'பித்தம்' என்பேன், கரிசலாங்கண்ணித் தைலம் கொடுத்து அனுப்புவேன். மூன்று மாதம் தேய்த்தும் பலனில்லாமல் ஒரு பெண் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். தினமும் ஈரமுடிக்குச் சூடு வைத்துக் கொண்டிருந்திருக்கிறாள். நான் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து முதலில் முடியைத்தான் பார்க்கிறேன், அப்புறம்தான் நாடி.

நீங்களும் வீட்டிலேயே பார்க்கலாம். உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டிக் குமிழ் இருந்தால், அது வேரிலிருந்து வந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது இயற்கை. அதற்கு மேல் வாரக்கணக்கில் போனால் காரணம் உடம்புக்குள்ளே இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டு, பிரசவம், கடும் காய்ச்சல்... இப்படி ஏதாவது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை! அதனால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லித்தான் நான் மருந்தே எழுதுகிறேன். சித்த மருத்துவன் ரத்தப் பரிசோதனை கேட்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால்? குற்றவாளி வெளியே இருக்கிறான்.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். தோலுக்கு வெளியே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. அதே காரணத்தால், ஒரு முறை கெட்டால் காயம் ஆறுவது போலத் தானாக ஆறவும் செய்யாது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்ச்சி. இடுப்பு வரை தொங்கும் பின்னலின் நுனிக்கு ஐந்து வயதாவது இருக்கும். ஐந்து வருட வெயில், சீப்பு, போர் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்த நுனி அது. அதற்குத்தான் தினமும் சூடு வைக்கிறோம்!

ரோலரின் சூட்சுமம் ரொம்ப எளிமை. முடிக்குள் இருக்கும் புரத இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீரோ சூடோ பட்டால் இந்தப் பிடி விடும். காய்ந்து ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி பிடித்துக் கொள்ளும். காய்ந்த முடியில், அளவான சூட்டில் இது நடந்தால் பெரிய சேதமில்லை. 200 டிகிரியைத் தாண்டும் ஸ்ட்ரெயிட்னரோடு ஒப்பிட்டால் ஹாட் ரோலர் சாதுதான். சுற்றியதுமே ஆறத் தொடங்கிவிடுகிறது.

வினை ஈரத்தில்தான் இருக்கிறது. நனைந்த முடி ஊதி, பலம் குறைந்து, ரப்பர் மாதிரி இழுபடும். அதை இறுக்கிச் சுற்றினால் மேல் செதில்கள் பெயர்ந்துவிடும். சூடு அதிகமானால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாய் வெடிக்கும். சுருட்டும் இரும்புக் கம்பியை 125 டிகிரியில் ஒரே ஒரு நிமிடம் ஈரமுடியில் வைத்தாலே இந்தக் கொப்புளம் வருவதை ஆராய்ச்சியாளர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கொப்புளம் உள்ள இடத்தில்தான் முடி பட்டென்று ஒடிகிறது.

ஆகவே, 'ரோலரைத் தூக்கிக் குப்பையில் போடு' என்று நான் சொல்ல மாட்டேன். அலங்காரம் செய்துகொள்ள ஆசைப்படுவது ஒரு குற்றமா? என் மகளும் ஹாட் ரோலர் வைத்திருக்கிறாள். நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்:

* தலை முழுக்கக் காய்ந்த பிறகே ரோலர். காலையில் நேரமில்லையா? முதல் நாள் சாயங்காலமே தலைக்குக் குளித்து ஃபேன் காற்றில் காய வையுங்கள்.

* எண்ணெய்த் தலையில் வேண்டாம். சுருள் நிற்காது. நிற்கவில்லையே என்று மறுபடி மறுபடி சூடு வைப்பீர்கள்.

* வெல்வெட் உறை போட்ட ரோலராகப் பார்த்து வாங்குங்கள். இறுக்க வேண்டாம். உச்சந்தலையிலோ நெற்றி ஓரத்திலோ சூடு படக் கூடாது.

* ரோலர் ஆறிய பிறகு சுற்றைப் பிரித்து எடுங்கள். உருவி இழுக்காதீர்கள். எடுத்ததும் சீப்பு போடாதீர்கள்.

* விசேஷ நாட்களுக்கு மட்டும். தினமும் வேண்டவே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்க்கு இடம் வேறு. அது தலைக்குக் குளிப்பதற்கு முன்னால். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆனால் ஒன்று... ஒடிந்த முடியை ஒட்ட வைக்கும் தைலம் எந்த மருத்துவத்திலும் கிடையாது. சித்த மருத்துவத்திலும்தான்!

நம்ம பக்கத்துப் போர் தண்ணீரும் சேர்ந்து படுத்துகிறது. புழல் ஏரி ஒரு பக்கம், செம்பரம்பாக்கம் ஏரி ஒரு பக்கம். நம்மில் பல வீடுகளில் குழாயைத் திறந்தால் வருவதென்னவோ உப்புத் தண்ணீர். அதில் தலைக்குச் சோப்பு போட்டால் கசடு படிந்து முடி சொரசொரப்பாகும். சீயக்காயோ மிதமான ஷாம்புவோ போதும். கடைசி இரண்டு சொம்பாவது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

கரண்டே வேண்டாத ரோலர் ஒன்றும் நம் வீட்டில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இரட்டைப் பின்னல்! ராத்திரி லேசாக ஈரம் தடவித் தளர்வாகப் பின்னிப் படுத்தால், காலையில் பிரிக்கும்போது அலை அலையாய் நிற்கும். அதே ஹைட்ரஜன் பிணைப்பு, அதே விஞ்ஞானம். சூடு மட்டும் இல்லை.

ஆவடிப் பெண்ணுக்குத் தைலம் எழுதவில்லை. ரோலரை நிறுத்தச் சொன்னேன். வெடித்த நுனியை இரண்டு அங்குலம் வெட்டிவிடச் சொன்னேன்.

அம்மா பதறிப்போனார். "கல்யாணப் பொண்ணு முடியை வெட்டறதா? நல்லா இருக்கே டாக்டர் நீங்க சொல்றது!"

"வெட்டினா ரெண்டு அங்குலம்தாம்மா போகும். விட்டா வெடிப்பு மேலே ஏறிக்கிட்டே போகும். முகூர்த்தத்துக்குச் சவுரி வெச்சுப் பின்னிக்கலாம், கவலைப்படாதீங்க" என்றேன்.

அதுவரை வாயே திறக்காத பெண் நிமிர்ந்து கேட்டாள். "ரிசப்ஷனுக்கு மட்டும் ரோலர் போட்டுக்கலாமா டாக்டர்?"

"தாராளமா போட்டுக்கோ. தலை மட்டும் காஞ்சிருக்கணும்!"